வரப்பில் நிற்கும் வேலை

இராஜாங்கத்தின் குடும்பத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வரப்பில் நின்றுகொண்டு அடுத்தவனை வேலை வாங்கும் பிழைப்பு அந்த வீட்டில் யாருக்கும் ஆகாது. சட்டத்தைப் போட்டவர் அவருடைய தகப்பனார் மருதையன். கூலித் தகராறு நடந்த காலத்தில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக, பண்ணைக் காரியஸ்தர் குடை நிழலைவிட்டு நகராமலே ஆள் வைத்து அவரை அடித்தார். அந்தக் கறுப்புக் குடையை மருதையன் சாகும்வரை மறக்கவில்லை. பின்னால் கழக ஆட்சியில் உச்சவரம்பு நிலம் பிரித்துக் கொடுத்தபோது நீடாமங்கலத்துக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் கிடைத்தது. "நிலம் வந்துடுச்சுன்னு குடையைத் தூக்கிக்கிட்டு வரப்புல நின்னீங்க, கொன்னுபுடுவேன்" என்பதுதான் அவர் பிள்ளைகளுக்கு விட்டுப்போன உயில்.

எழுபது வயதில் அந்த உயிலைக் காக்கும் பொறுப்பு இராஜாங்கத்தின் தலைமேல் இருந்தது. தலையும் அதற்கேற்ப நிமிர்ந்தே இருந்தது. பேருந்தில் உட்கார்ந்தாலும் முதுகு சாயாது. மகள் அம்சவல்லி, உப்புத் தண்ணீரில் பிழைக்கும் நெல்லை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியதிலிருந்து கழுத்தும் திரும்புவதில்லை என்று அவர் மனைவி ராமாயி சொல்வாள்.

தெருமுனையில் ஒரு பிளெக்ஸ் வைத்திருந்தார். 'நெல் விஞ்ஞானி முனைவர் இரா. அம்சவல்லி' என்று போட்டு, மகளின் படத்தைவிடச் சற்றே பெரிதாகத் தம் படத்தையும் போட்டிருந்தார். மழையிலும் வெயிலிலும் மகளின் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய மீசை மட்டும் அப்படியே இருந்தது. "சேத்துல கால் வெச்ச வம்சம், சேத்துலயே டாக்டர் பட்டம் வாங்கியிருக்கு" என்று டீக்கடையில் அவர் சொல்லாத நாள் கிடையாது. அவர் வாயைத் திறக்கப் போகிறார் என்று தெரிந்தாலே கடைக்காரர் தங்கையன் சூடான டீயை நீட்டிவிடுவார்.

சம்பா நடவுக்கு முதல் நாள் அம்சவல்லி ஊருக்கு வந்தாள். சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, சென்னையில ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல மேலாளரா கூப்பிடுறாங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"மேலாளர்னா? நெல்லு?"

"அதை நான் செய்யமாட்டேம்பா. செய்யுறவங்களுக்கு நிதி வாங்கித் தரணும், யாருக்கு எப்ப எது வேணும்னு பாக்கணும். வேலை நிக்காம ஓடணும், அவ்வளவுதான்."

இராஜாங்கம் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"அடுத்தவன் சேத்துல நிப்பான். நீ மேல நின்னு பாத்துக்கிட்டிருப்பே."

"அங்க ஏதுப்பா சேறு?"

"இதுக்குப் பேரு காரியஸ்தர் வேலை. உங்க தாத்தா முதுகுல அடி வாங்கினது இதுக்குத்தானா?"

அம்சவல்லி அவர் தட்டில் ரசம் ஊற்றினாள். "உங்களுக்குப் பிடிக்கலேன்னா போகமாட்டேன். ஆனா எனக்குக் கைவர்ற வேலை இதுதாம்பா. என் ஆராய்ச்சி முடிஞ்சப்பகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்ல. முட்டிக்கிட்டு நின்ன நாலு பேரைச் சேத்துவெச்சு ஒரு வேலையை முடிச்சோம் பாருங்க, அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்."

"நாளைக்கு நடவுக்கு வா. நம்ம குடும்பம் எப்படி வேலை செய்யுதுன்னு பாரு. அப்புறம் பேசு."

மறுநாள் காலை இராஜாங்கம் வயலுக்குப் போனார். கையில் குடை. வெயிலுக்குத்தான். அதுவும் கறுப்புதான், கடையில் வேறு நிறம் இல்லை. முழங்கால் வலி வந்த நாள் முதலாக அவர் வரப்போடு நின்றுவிடுவது வழக்கம். அதற்குக் கூடமாட ஒத்தாசை என்று அவர் பெயர் வைத்திருந்தார்.

"வேம்பு, அங்க இடைவெளி விழுது பாரு! ஏய், மேலண்டை வயலுக்கு நாத்து முடியைப் போடு! மடையை யாருடா திறந்தது?"

அம்சவல்லி அவரைப் பார்த்தாள். பிறகு குடையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது போதாதா? இராஜாங்கம் குடையை அவள் கையில் திணித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்.

டிராக்டர் சக்கரம் பறித்த பள்ளம் ஒன்று அவருக்காகவே காத்திருந்தது. முழங்கால்வரை போன கால் திரும்பி வரவில்லை. கூப்பிட்டால் மானம் போய்விடும். எனவே அந்த இடத்தில் நிற்பதே தம் நோக்கம் என்பதுபோல, கைக்கு எட்டிய வரைக்கும் நாற்றை நட்டார். எட்டியது கொஞ்சம்தான்.

அதற்குள் மேலண்டை வயலில் நாற்று தீர்ந்துபோனது. நாற்று முடிக் கட்டுகளைத் தூக்கும் ஆட்கள் பீடி பற்றவைத்தார்கள். மடையை அடைக்க ஆளில்லாமல் தண்ணீர் ஏறி, நட்ட நாற்று மிதக்க ஆரம்பித்தது.

"நாத்து எங்கடி?" என்று நடவுப் பெண்களுக்குத் தலைவியான வேம்பு நிமிர்ந்தாள்.

"காரியஸ்தர்தான் சேத்துல இறங்கிட்டாரேக்கா! யாரு சொல்லி அனுப்புவா?" என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி.

இராஜாங்கம் திடுக்கிட்டு நாலாபக்கமும் பார்த்தார். எந்தப் பண்ணைக் காரியஸ்தர் இங்கே வந்தார்?

"யாரைச் சொல்றீங்க?"

"உங்களைத்தாண்ணே" என்றாள் வேம்பு. "பத்து வருஷமா அதானே உங்க பேரு? கோவிச்சுக்காதீங்க. நீங்க அங்க நின்னு கத்துனாத்தான் வேலை ஓடும். இன்னைக்கு எதுக்கு இறங்கித் தொலைச்சீங்க?"

வயல் முழுக்கச் சிரிப்பு. மருதையன் மகன் மட்டும் சிரிக்கவில்லை.

அம்சவல்லி குடையை வரப்பில் போட்டுவிட்டு ஓடிப்போய் மடையை அடைத்தாள். "அத்தே, எந்த வயலை முதல்ல முடிக்கணும்?" என்று வேம்புவிடம் கேட்டு, ஆட்களை அந்தப் பக்கம் அனுப்பினாள். டீக்குச் சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தை கத்தவில்லை, வேலை ஓடியது. அவளுடைய ஏற்பாட்டில் தகப்பனாரைத் தூக்குவது கடைசியாக இருந்தது.

"சுத்தி நட்டாச்சுல்லப்பா. மிதிக்காம தூக்கணும்."

முழங்கால்வரை சேற்றோடு வரப்பில் உட்கார்ந்து இராஜாங்கம் டீ குடித்தார்.

"உங்க தாத்தா மட்டும் இருந்திருந்தா..."

"முதல்ல உங்களைத்தாம்பா கொன்னிருப்பாரு."

அவர் டீயை முழுக்கக் குடித்துவிட்டு, மகளைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த ஆளு அடிச்சான். கூலியைப் பிடிச்சான். நீ யாரு வயித்துலயும் அடிக்கமாட்டியே?"

"மாட்டேம்பா. அவங்களுக்குச் சேரவேண்டியதை வாங்கித் தரத்தான் போறேன்."

"அப்ப போ." பிறகு குடும்ப கௌரவத்துக்கு ஏதாவது மிச்சம் வைக்க வேண்டுமே என்று, "ஆனா அப்பப்ப உன் கையும் அழுக்காகணும்" என்றார்.

"நீங்க சேத்துல இறங்குற அன்னைக்கெல்லாம் நானும் இறங்குறேன்."

"ஐயோ, வேணாந்தாயி!" என்றாள் வேம்பு. "நடவு பாழாப் போயிடும்."

இராஜாங்கம் முதுகை நிமிர்த்தி எழுந்தார். வெயில் ஏறியிருந்தது. குடையை எடுத்தார். விரிக்கலாமா என்று யோசித்தார். பெண்கள் அத்தனை பேரும் நடும் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உச்சி வெயிலில் நின்றபடி அவர் சத்தம் போட்டார்:

"வேம்பு, அங்க இடைவெளி விழுது பாரு!"