பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

மஸ்கட்டில் இருக்கும் என் மைத்துனர் எண்பத்தேழில் லீவுக்கு வந்தபோது என் பெண் அம்மிணிக்கு ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். டிவியோடு இணைத்துக் கேசட்டைப் போட்டால் கணக்கு கேட்கும். சரியாகத் தட்டினால் அடுத்தது கொஞ்சம் கஷ்டமாக வரும். தப்பென்றால் சுலபமாக ஒன்று. ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கும் அளவுக்கு மூளை. எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

அம்மிணிக்கு ஒன்பது வயது. திக்குவாய். பதில் தெரிந்தாலும் வாயில் வராது. பூஜை லீவு முடிந்த திங்கட்கிழமை பள்ளியில் வாய்க்கணக்குப் பரீட்சை. அதிலும் வாய் திறக்காவிட்டால் நாலாம் கிளாஸிலேயே இன்னொரு வருஷம் இருக்க வேண்டியதுதான் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். இந்தப் பெண்ணோ அந்தப் பெட்டிக்கு விரலாலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கிற நாலு வார்த்தையும் போய்விடுமோ என்று பயந்தேன்.

துர்க்காஷ்டமி சாயங்காலம் புஸ்தகங்களைப் பூஜையில் வைத்தேன். கம்ப்யூட்டரையும் தூக்கி அவற்றின் மேல் வைத்து, பட்டுத்துணியால் மூடி, சந்தனம் தொட்டேன். ஏலூர் கம்பெனிக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் விஸ்வேஸ்வரன் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அதையும் வைக்கணுமா?"

"படிக்கற சாமான்னா வைக்கத்தானே வேணும்."

விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. சரஸ்வதியைச் சாக்காக வைத்து நான் போட்ட பூட்டு அது.

மறுநாள் அம்மிணி பூஜையறை வாசலையே சுற்றிச் சுற்றி வந்தாள். நான் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏழெட்டு எத்தனை?"

"இன்னைக்குப் படிக்கப்படாது."

"இது படிக்கறது இல்லை, களிக்கறதாக்கும், வெறும் வெளையாட்டு. நான் கம்ப்யூட்டர், நீ குட்டி. ஏழெட்டு எத்தனை?"

என் கை நின்றுவிட்டது. அவ்வளவு நீளப் பேச்சில் ஓர் இடத்திலும் அவள் திக்கவில்லை. அந்தப் பதற்றத்தில், "ஐம்பத்தி நாலு" என்று உளறினேன்.

"தெத்து. சாரமில்லை. இன்னொருக்கச் சொல்லு."

எங்கள் ஊர் மலையாளத்தில் தெத்து என்றால் தப்பு, சாரமில்லை என்றால் பரவாயில்லை. சாரமில்லை, மட்டாஞ்சேரியில் படகுக்காரர் முதல் சாயாக்கடைக்காரர் வரை நாளுக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. இந்தப் பெண்ணிடம் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவள் திக்கும்போதெல்லாம் "சட்டுனு சொல்லித் தொலை" என்பதுதான் என் பாட்டு. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அவமானமாக இருந்தது.

வேண்டுமென்றே மறுபடியும் தப்பாகச் சொன்னேன். அதே பொறுமையோடு அவள், "தெத்து. சாரமில்லை" என்றாள்.

விஜயதசமி காலை பூஜை முடிந்ததும் பட்டுத்துணியை விலக்கி, சந்தனத்தைத் துடைத்து, கம்ப்யூட்டரை அவளிடமே கொடுத்தேன்.

"அதுக்கு முன்னால ஒரு களி. இப்போ நான் கம்ப்யூட்டர், நீ குட்டி."

அவள் முகம் சுருங்கியது. "நீ தி... திட்டுவை."

"கம்ப்யூட்டர் திட்டுமா? ஒம்பதாறு எத்தனை?"

"ஐ... ஐ... ஐ..."

தாடை இறுகி, கண் செருகிக்கொண்டது. பழைய பாட்டு என் நாக்கு நுனிவரை வந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சாரமில்லை" என்றேன். என் குரல்தான் நடுங்கியது. "மெல்லச் சொல்லு."

"ஐ... ஐம்பத்தி நாலு."

"சரி."

நான் இன்னும் ஏதாவது சொல்லப்போகிறேனா என்று என் வாயையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"அ... அடுத்தது கேளும்மா."

பால் முழுக்க வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.