திரும்பி வருவதற்கான ஏற்பாடுகள்

கொட்டாஞ்சேனையில் ஒருவர் வெளிநாடு போவது பெரிய விசயமில்லை. போனவர் திரும்பி வருவதுதான் விசயம். அது நடந்து கனகாலம். ஆகவே 2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், இருபத்திரண்டு வயது றேமண்ட், தான் வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் போய்ச் செவ்வாய்க்கிழமை வீட்டில் இருக்கப்போவதாகச் சொன்னபோது மேசையில் இருந்த எவரும் சிரிக்கவில்லை. தாய் டோரின் கையிலிருந்த பாண் துண்டை வைத்துவிட்டு அழத் தொடங்கினார். தகப்பன் ஒஸ்வால்ட் எழுந்துபோய்ச் சுத்தியலை எடுத்துவந்து, ரி.வி.க்கு மேலே, மூத்த மகன் பேதுருவின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தார்.

பேதுரு பதினொரு வருசத்துக்கு முன்னர், யாத்திரைக் குழுவொன்றோடு இரண்டு கிழமைக்கு என்று ரோமாபுரி போனவர். நாற்பத்திரண்டு பேர் போன அந்தக் குழுவில் திரும்பி வந்தது கூட்டிப்போன கோயில் சுவாமியாரும் முழங்கால் வருத்தம் உள்ள நாலு பெண்களும் மட்டும். பேதுரு இப்போது மிலான் நகரத்தில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் போன் எடுத்து, அடுத்த நத்தாருக்கு வருவதாகச் சொல்வார். கிழவருக்கும் வயது கூடியபடியே போகிறது, சாவதாக இல்லை.

றேமண்டின் விசயம் வேறு. அவன் வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷனில் வேலை செய்தான். கொமினிகேஷன் என்றால் ரெலிபோன் கூண்டு மூன்று, இன்ரநெற் உள்ள கொம்பியூட்டர் இரண்டு, போட்டோகொப்பி மெசின் ஒன்று. அதில் கடையை நடத்தியது மெசின்தான். யுத்தம் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் தமிழர் ஒருவர் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவதானாலும் அடையாள அட்டையின் கொப்பியும், இன்ன வீட்டில் இன்னார் இருக்கிறார் என்ற பொலிஸ் பதிவின் கொப்பியும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். வியர்வையில் கொப்பி நனைந்துவிடும் என்பதால் கொப்பிக்கு ஒரு கொப்பியும் எடுத்தார்கள். ஆகவே காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை அந்த மெசின் கடக் கடக் என்று இழுத்து, ஸ்ஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது இரைச்சல். றேமண்டுக்கு அது தாளம்.

அவன் அந்தச் சத்தத்தைப் போனில் பிடித்து, ஆட்கள் இல்லாத நேரங்களில் கொம்பியூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டினான். அடியில் துறைமுகத்துக் கப்பல் சங்கை வைத்தான். மேலே பழனிமுத்துவின் குரல். பழனிமுத்து அவனோடு வேலை செய்பவன், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதினேழு வயதில் கொழும்புக்கு வந்தவன். பஸ் கண்டக்டரைப் போல ஹட்டனிலிருந்து கோட்டை வரைக்கும் உள்ள ஊர்களை ஒரே மூச்சில் கூவுவான். இதெல்லாம் சேர்ந்து எட்டு நிமிடம் வந்தது. அதை றேமண்ட் சிங்கப்பூரில் வருசாவருசம் நடக்கும் ஓர் எலெக்ரோனிக் இசை விழாவுக்கு ஈமெயிலில் அனுப்பிவிட்டு மறந்துபோனான். அவர்கள் மறக்கவில்லை. சிறிய மேடை, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி, இருபது நிமிடம். பிளேன் ரிக்கெட்டும் படுக்க இடமும் அவர்களுடைய பொறுப்பு. அந்தத் தாள வாத்தியம் என்ன என்றும் கேட்டிருந்தார்கள். றேமண்ட் மெசினின் மொடல் நம்பரை எழுதி அனுப்பினான்.

அவன் ஒரு கொப்பிப் புத்தகத்தில் பயண ஏற்பாடுகளை எழுதத் தொடங்கினான். இரண்டு சேர்ட். பழனிமுத்துவின் மாமா மகனிடம் இரவல் கேட்ட லப்ரொப். எட்டு நிமிடத்தை இருபதாக நீட்டுவது. எயார்போட் வழியில் எத்தனை செக்பொயின்ற், எதில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும். இப்படி ஆறு வரி வந்தது.

அவர்கள் குடியிருந்த ஒழுங்கையும் தன் பாட்டுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கியது. கீழ் வீட்டு ஐறீன் அன்ரி ஒரு கிலோ வறுத்த மிளகாய்த்தூளை மூன்று பையில் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். கனடாவில் இருக்கும் மகளுக்கு.

“அன்ரி, நான் போறது சிங்கப்பூருக்கு.”

“ஓம் மகன், சிங்கப்பூர்தான்.” ஐறீன் அன்ரி குரலைத் தாழ்த்தினார். “நான் ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்.”

டோரின் நடைபாதைக் கடையில் பனிக்குப் போடுகிற கோட் ஒன்று வாங்கினார். சிங்கப்பூர் கொழும்பைவிட வெக்கை என்று றேமண்ட் சொன்னதை, பிள்ளை தாயைக் கலங்கவிடாமல் சொல்கிற பொய்யாக எடுத்துக்கொண்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் மூவரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். ஒழுங்கையில் யார் போனாலும் போவதற்கு முதல் ஒரு குடும்பப் படம் எடுப்பது வழக்கம். ஸ்டூடியோக்காரர் ஒன்றும் கேட்காமலே றேமண்டுக்கு ஒரு கோட்டை மாட்டி நடுவில் நிறுத்தினார். போகிறவர் நடுவில் நிற்பார். கொமினிகேஷன் முதலாளி இன்னும் ஒரு படி மேலே போய், றேமண்ட் வேலையில் இருக்கும்போதே அவன் தலைக்கு மேலே ‘ஆள் தேவை’ என்று எழுதி ஒட்டினார். வந்தவர்களுக்கு வேலை விபரத்தை றேமண்ட்தான் விளக்கினான்.

கடைசியில் அவன் போய்வருகிற ரிக்கெட்டை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். திரும்பும் திகதி, நேரம், இருக்கை நம்பர் எல்லாம் அதில் இருந்தது. அதையும் ஐறீன் அன்ரிதான் முதலில் வாங்கிப் பார்த்தார். களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள், எயார்போட்டில் காட்டுவதற்கு ஒரு ரிட்டன் ரிக்கெட்டும் போட்டுக்கொடுப்பார்கள், இவனுடைய ஏஜென்சி நல்ல ஏஜென்சிதான் என்று டோரினுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அதுவரைக்கும் பாதி சந்தேகத்தில் இருந்த ஆட்களும் ரிக்கெட்டைக் கண்ட பிறகு முழுதாக முடிவுக்கு வந்தார்கள்.

திங்கட்கிழமை, டோரின் அவன் பெட்டியில் மூன்றாவது தரமாகக் கோட்டை மடித்து வைத்தார். றேமண்ட் மூன்றாவது தரமாக அதை வெளியே எடுத்தான்.

“நீ வராட்டிலும் எனக்குக் கவலை இல்ல மகன்,” என்றார் டோரின். “இங்க இருந்து என்னத்தக் கண்டது. பொய் மட்டும் சொல்லாத. அவனும் போகேக்க ரெண்டு கிழமை எண்டுதான் சொன்னவன்.”

பேதுரு போன பிறகு முதல் இரண்டு கிழமையும் அம்மா ஒவ்வொரு நாளும் நாலு கோப்பை வைத்ததும், மூன்றாவது கிழமை ஒரு கோப்பையைக் கழுவித் துடைத்து அலுமாரிக்குள் வைத்ததும் றேமண்ட் பார்த்திருந்தான். அவன் கொப்பிப் புத்தகத்தை எடுத்து ஏழாவதாக ‘மம்மி’ என்று எழுதினான். மற்ற ஆறுக்கும் சரி போட்டாயிற்று. ஏழாவது சரிவராவிட்டால், தான் திரும்பி வருவதைத் தாய் நம்பாவிட்டால், போவதில்லை என்று யாருக்கும் சொல்லாமல் தீர்மானித்தான்.

புதன்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வரும்போது, கொள்ளுப்பிட்டி தாண்டியதும் பஸ்சை மறித்தார்கள். எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். றேமண்ட் தன் கையால் எடுத்த நல்ல கறுப்புக் கொப்பிகளை நீட்டினான். பொலிஸ்காரர் பார்த்துவிட்டு அவனுடைய பகுதி ஸ்டேசனுக்குப் போன் எடுத்தார். கதைத்தார். அவனை ஒருதரம் பார்த்தார். பிறகு, அந்த விலாசத்தில் அப்படி ஒருவன் இல்லையாம் என்று சிங்களத்தில் சொன்னார். பகைமையாகச் சொல்லவில்லை. கடையில் சாமான் முடிந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஒரு மணித்தியாலம் கழித்து றேமண்ட் தன் பகுதி ஸ்டேசனின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். டோரினும் ஒஸ்வால்டும் வந்து சேர்ந்தார்கள். சார்ஜன்ற் பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்து அவர்கள் வீட்டுப் பக்கத்தைக் காட்டினார். றேமண்டின் பெயருக்கு மேலே சிவப்புக் கோடு. பக்கத்தில் ‘வெளிநாடு’. அதற்குப் பக்கத்தில் ஒஸ்வால்டின் வடிவான கையெழுத்து, நேற்றைய திகதி.

ஒஸ்வால்ட் முப்பத்தொரு வருசம் துறைமுகத்தில் டெலி கிளாக். ஏறுகிற மூட்டைகளையும் இறங்குகிற மூட்டைகளையும் எண்ணிக் கோடு போடுவது அவர் வேலை. கப்பல் வெளிக்கிட முதல் பட்டியலை மூடிவிட வேண்டும், வெளிக்கிட்ட பிறகு மூடினால் பிசகு என்பது அவருடைய பத்துக் கட்டளைகளில் பதினோராவது. பேதுரு போனபோது பொலிஸ் பதிவில் அவன் பெயரை வெட்ட மறந்துபோனார். அதனால் பதினொரு வருசமாக வீடு செக் பண்ண வந்த ஒவ்வொருவரும் “பேதுரு எங்க?” என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொரு முறையும் இத்தாலி முத்திரை ஒட்டிய கடிதங்களை எடுத்து மகன் இல்லை என்பதை நிரூபித்தார்.

“அந்தக் கரைச்சல் இந்தமுறை வேணாம் எண்டுதான்...” என்று சொல்லி ஒஸ்வால்ட் நிறுத்திக்கொண்டார். அவர் வெட்டிய மூட்டை கண் முன்னால் வாங்கில் இருந்தது.

சார்ஜன்ற் நரை மீசை வைத்த, அவசரமே இல்லாத மனிதர். மூடிய பட்டியலில் பெயரைத் திரும்ப ஏற்றுவதென்றால் கிராம சேவகரின் கடிதம், ஸ்டேசன் பெரியவரின் கையெழுத்து, எப்படியும் ஒரு கிழமை என்றார். பதிவில்லாமல் எயார்போட் றோட்டில் ஒரு செக்பொயின்ரும் தாண்ட முடியாது என்றும் சொன்னார். பிளேன் வெள்ளிக்கிழமை. அதுசரி, அப்படி என்ன அவசரம் சிங்கப்பூரில் என்று கேட்டார்.

றேமண்ட் சொன்னான். சார்ஜன்றுக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் போனில் ஹெட்செற்றைச் செருகிக் கொடுத்தான். சார்ஜன்ற் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடி, எட்டு நிமிடத்தையும் கேட்டார். ஸ்டேசனே காத்திருந்தது.

“மல்லி, இது போட்டோகொப்பி மெசின்,” என்றார் கடைசியில், சிங்களத்தில் தம்பி என்று அழைத்து.

“ஓம் சேர்.”

“நல்லா வேலை செய்யிற மெசின்.” அவர் மூலையில் துணி போர்த்திக் கிடந்த ஸ்டேசன் மெசினைக் கவலையோடு பார்த்தார். அது சத்தம் போட்டு எட்டு மாதமாம்.

பிறகு றேமண்டின் ரிக்கெட்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இந்த ஸ்டேசனுக்கு எத்தனையோ பேர் ரிக்கெட்டோடு வந்திருக்கிறார்கள், திரும்பி வருகிற திகதியைத் தானாகவே காட்டிய முதல் ஆள் இவன்தான் என்றார். மேசை லாச்சியைத் திறந்து வேறொரு படிவத்தை எடுத்தார். தற்காலிக விருந்தாளிகளுக்கான படிவம். அதற்குப் பெரியவரின் கையெழுத்து வேண்டாம், சார்ஜன்றே போதும்.

அப்படித்தான் றேமண்ட் தான் பிறந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் பதியப்பட்டான். வீட்டுக்காரருக்கு என்ன முறை: மகன். எங்கிருந்து வந்தார்: அதே விலாசம். எப்போது போவார்: வெள்ளி. அதோடு முடியவில்லை. சார்ஜன்ற் இன்னொரு படிவம் எடுத்தார். எங்கிருந்து வருவார்: சிங்கப்பூர். எப்போது வருவார்: செவ்வாய். வந்த காரணம் என்ற இடத்தில் பேனையை நிறுத்தி யோசித்து, ‘வீடு’ என்று எழுதினார். வீட்டுக்காரர் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று ஒஸ்வால்டின் பக்கம் தள்ளினார்.

ஒஸ்வால்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதினொரு வருசத்தில் வீட்டுக்கென்று அவர் கையில் வந்த முதலாவது வரவுப் பட்டியல் அது. வரவேண்டியது ஒன்று, திகதி போட்டு, விபரத்தோடு. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

டோரின் முதல் தடவையாக வாய் திறந்தார். இவன் செவ்வாய்க்கிழமை வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

வராவிட்டால் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு உங்கள் புருசன் இந்த வாங்கில் வந்து இருந்து காரணம் சொல்லவேண்டும் என்றார் சார்ஜன்ற். வந்தால் இவனே வந்து பதிவைத் திருத்தவேண்டும். யாராவது ஒருவர் வந்தே ஆகவேண்டும்.

டோரின் வாங்கைப் பார்த்தார். ஒரு கால் ஆடுகிற வாங்கு. பிறகு மகனைப் பார்த்தார்.

“டடிய இதில கொண்டுவந்து இருத்துவியா?”

“மாட்டன் மம்மி,” என்றான் றேமண்ட். “வாறது நான்தான்.”

வீட்டுக்கு நடந்து வரும்போது டோரின், அந்தக் கோட்டைத் திருப்பி எடுப்பானா அந்தக் கடைக்காரன் என்று கேட்டார்.

செய்தி அவர்களுக்கு முன்னரே ஒழுங்கைக்கு வந்துவிட்டது. ஆட்களுக்கு ரிக்கெட்டில் இல்லாத நம்பிக்கை பொலிஸ் படிவத்தில் இருந்தது. வியாழக்கிழமை காலை ஐறீன் அன்ரி படியேறி வந்து, மிளகாய்த்தூளைக் கொஞ்சம் கோபத்தோடு திருப்பி எடுத்துக்கொண்டார். பின்னேரம் எழுதிய கடதாசித் துண்டு ஒன்றோடு வந்தார். கோடாலித் தைலம் ஆறு போத்தல், பெரிய சைஸ். அவருக்குப் பின்னால் ஒழுங்கையே வந்தது. ஒருவருக்குக் குடை, ஒருவருக்குச் சொக்கலேற், எதிர் வீட்டு ஸைனம்புவுக்கு நைலோன் நூல், இன்ன நிறம் என்று மாதிரித் துண்டும் பின் குத்தியிருந்தது. திரும்பி வராதவனிடம் யாரும் தைலம் சொல்லிவிடமாட்டார்கள். றேமண்ட் எல்லாத் துண்டையும் கொப்பிப் புத்தகத்துக்குள் வைத்தான். கொமினிகேஷனில் முதலாளி ‘ஆள் தேவை’ என்பதற்குக் கீழே ‘நாலு நாளைக்கு’ என்று பென்சிலால் எழுதினார். பென்சில்தான், நம்புவதற்கு அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை விடியப் பழனிமுத்து வாடகை வான் ஒன்றில் ஏறி வந்தான், எயார்போட் வரைக்கும் கூட வருவதற்கு. பெட்டியைத் தூக்கியவன் அதில் பாரமே இல்லாததில் திகைத்து, மறுபடி கீழே வைத்துப் பார்த்தான். இரண்டு சேர்ட் தவிர உள்ளே ஒன்றுமில்லை. மிச்ச இடமெல்லாம் தைலத்துக்கு.

“டேய் மச்சான்,” என்றான். “ஹட்டன் வர்ற எடத்துல மட்டும் சத்தத்தக் கொஞ்சம் கூட்டிவுடு. சிங்கப்பூர்ல எவனாச்சும் நம்ம பக்கத்து ஆளு நிப்பான்.”

றேமண்ட் தலையாட்டினான். ரி.வி.க்கு மேலே, பேதுருவின் படத்துக்குப் பக்கத்து ஆணியில் இரண்டாவது படிவத்தின் கொப்பி தொங்கியது. ஒஸ்வால்ட் தூசி படாமல் அதற்குப் பிளாஸ்ரிக் உறை போட்டிருந்தார். ஸ்டூடியோப் படம் வந்து அலுமாரிக்கு மேலே உறை பிரிக்காமல் கிடந்தது.

டோரின் வாசல்வரை வந்து மகனின் நெற்றியில் சிலுவை போட்டார். வானின் கதவு சாத்தப்படுகிற நேரம் கிட்ட வந்து குனிந்தார். அழப்போகிறாரோ என்று றேமண்ட் கதவைப் பிடித்து நிறுத்தினான்.

“மகன், செவ்வாய் ராவைக்கு உனக்குச் சோறு போட்டு வைக்கவா? இல்ல பிளேன்ல தருவாங்களா?”

“வைங்க மம்மி,” என்றான் றேமண்ட். மடியிலிருந்த கொப்பிப் புத்தகத்தைத் திறந்து ஏழாவதுக்குச் சரி போட்டான்.