தோளுக்கும் காதுக்கும் நடுவே

சங்கரபாண்டியன் தம் வீட்டுக்கு வேண்டிய எதையும் பிறர் கையில் விட்டு வாங்கியதில்லை. உப்பு முதல் உடுப்பு வரை அவரே கடைக்குப் போவார். அவரே சோதித்துப் பார்ப்பார். அந்தச் சோதனையும் பெரும்பாலும் அவருடைய உடம்பின்மேலேயே நடக்கும். மனைவி ஜெயசித்ராவுக்குச் செருப்பு வாங்கினால், தம் உள்ளங்கையை அதற்குள் விட்டு அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருந்தால் எடுத்துவிடுவார். அவளுடைய மூக்குக்கண்ணாடிக்குச் சட்டம் தேர்ந்தெடுத்தபோதும் அதை மாட்டிப் பார்த்தது அவருடைய மூக்கில்தான். முப்பத்தோராண்டு நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கத்து வரப்புத் தகராறுகளில், 'பாண்டியன் சார் அளந்தாச்சா? அப்பச் சரி' என்று இரண்டு தரப்பாரும் எழுந்து போன காலம் உண்டு. பிறர் அளவைச் சொல்லும் உரிமை தமக்கு உண்டென்ற எண்ணம், அளவுச் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்த பின்னும் அவரை விட்டுப் போகவில்லை.

தூக்கணாங்குருவி ஒன்று மயிலின்மேல் இரக்கப்பட்டு, தன் உடம்பையே அளவாக வைத்து அதற்கு ஒரு கூடு கட்டிக் கொடுத்ததாம். மயில் தலையை மட்டும் உள்ளே நுழைத்துக்கொண்டு, மழை முழுவதையும் முதுகில் வாங்கியதாம். 'தலை நுழைந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?' என்று குருவிக்கு மனத்தாங்கலாம். குருவி கெட்டதன்று. அதன் அன்பிலும் குறையில்லை. சங்கரபாண்டியனையும் அப்படித்தான் சொல்லவேண்டும்.

ஜெயசித்ராவுக்குக் கழுத்துவலி தொடங்கியது ஐப்பசி மழையின்போது. முதலில் காலையில் கழுத்து திரும்பவில்லை என்றாள். பிறகு வலி வலத்தோளுக்கு இறங்கியது; எறும்பு ஊர்வதுபோல் விரல் நுனிகள் மரத்தன. அவள் அங்கன்வாடிப் பணியாளர்; நாளெல்லாம் குழந்தைகளைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருக்கும் வேலை. ஒருநாள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு தானாக நழுவி விழுந்தபோதுதான் இருவரும் பயந்துபோய்த் திருநெல்வேலிக்கு வண்டியேறினார்கள்.

"கழுத்தெலும்புக்கு நடுவில் நரம்பு நசுங்குகிறது. இரவு ஏழு மணி நேரம் கழுத்து எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். பொருத்தமான தலையணை வைத்து ஆறு வாரம் பாருங்கள். கைப்பிடி தளர்ந்தால் அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டிவரும்" என்றார் மருத்துவர்.

அன்று முதல் தலையணை தேடுவது சங்கரபாண்டியனின் பொறுப்பாயிற்று. முதலில் துணிக்கடையிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒன்று வந்தது. ஒரு வாரத்தில் அப்பளம்போல் அமுங்கிவிட்டது. அடுத்தது, நடுவில் பள்ளம் வைத்த நுரைத் தலையணை. மதியம் ஒரு மணி நேரம் தாமே அதில் படுத்துப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு சித்ரா, பிடரியைக் கையில ஏந்துன மாதிரி" என்று சான்று கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஜெயசித்ரா, "கழுத்து எக்கிட்டு நிக்கி. சூடு வேற" என்றாள்.

"எனக்கு அப்படி இல்லையே? நீ மனசுல வலி வலின்னு நினைச்சுக்கிட்டே படுக்க. அதான்."

ஆறு வாரத்தில் மூன்று இப்படியே கழிந்தன.

இராஜபாளையம் சாலையில் மைதீன் பாட்சாவின் மெத்தைக்கடை இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் ஆளைப் பார்த்து அளவு வைத்துச் செய்து கொடுப்பார். கடைக்குப் பின்கட்டுதான் வீடு. ஆண்களைக் கடைப்பலகையில் படுக்கச் சொல்லித் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியைத் தாமே விரலால் அளப்பார். பெண்கள் வந்தால் அவர் மனைவி ஹஸ்னா பானு உள்ளே அழைத்துப் போய்ப் பாயில் படுக்கவைத்து அளந்து, அளவை மட்டும் திரைக்கு இப்பால் சொல்லி அனுப்புவாள்.

சங்கரபாண்டியன் போன நேரம், கையில் தேநீருடன் எதிர்க்கடைச் சுலைமானும், கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பூக்காரி பாலம்மாளும் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அண்ணாச்சி. மதினியக் கூட்டிட்டு வரலையா? உள்ள பானு இருக்கா, ரெண்டு நிமிசத்தில அளந்துருவா" என்றார் மைதீன்.

"அவ எதுக்கு பாய்? நான் சொல்லுதேன், நீரு செய்யும். நான் அளக்காத அளவா?"

"சரி. மதினி எப்படிப் படுப்பாவ? மல்லாக்கவா, ஒருச்சாய்ச்சா?"

சங்கரபாண்டியன் நினைத்துப் பார்த்தார். மணமாகி முப்பது ஆண்டு. அவர் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே கட்டிலில் படுப்பவர்; ஒன்பதரைக்கெல்லாம் உறங்கிவிடுவார். அவள் அடுப்படி வேலை முடித்து உள்ளறையில் தரையில் படுக்கும்போது அவர் பார்த்ததில்லை. பால்காரர் மணி அடிக்கும்போது அவள் எழுந்திருப்பாள். நினைவில் எவ்வளவு துழாவியும், உறங்குகிற ஜெயசித்ரா ஒருத்தி அகப்படவில்லை.

சுலைமான் தேநீரை ஆற்றிக்கொண்டே அவரைப் பார்த்தான். பாலம்மாளும் பார்த்தாள்.

"மல்லாக்கத்தான்" என்றார் சங்கரபாண்டியன், வரப்பு அளவு சொல்லும் அதே குரலில்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மல்லாக்கன்னா தணிவா வைக்கணும். ஒருச்சாய்ச்சுன்னா தோளுக்கும் காதுக்கும் நடுவில உள்ள இடத்தை ரொப்பணும், ரெட்டைப் பஞ்சு வேணும். மாத்தி வச்சா இருக்கிற வலியும் கூடிரும்."

"அதான் சொல்லுதேம்லா."

மைதீன் அதற்கேற்பத் தணிந்த தலையணை ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்.

பத்தே நாளில் ஜெயசித்ராவின் கை மோசமாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவள் வழக்கத்துக்கு மாறாக இரண்டு மணிக்கே வீடு திரும்பி, பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அங்கன்வாடியில அனுவத் தூக்குனேன். கை விட்டுட்டு. பிள்ள பாயிலதான் விழுந்துச்சு, ஒண்ணும் ஆகல. அவ அம்மாகூட ஒண்ணும் சொல்லல." சற்று நேரம் வலக்கையை மடியில் வைத்து, வேறொருவர் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இனிமே நான் பிள்ளையளத் தூக்க மாட்டேன். லீவு எழுதிக் குடுத்துட்டேன்."

மருத்துவர் சொன்ன 'கைப்பிடி' என்ற சொல் சங்கரபாண்டியன் காதில் நின்றது. எழுந்து போய் அந்தத் தலையணையில் படுத்துப் பார்த்தார். அவருக்குச் சுகமாகவே இருந்தது. அப்படியானால் குறை எங்கே? அச்சம் கொண்ட மனம், தன் வாசலை விட்டுவிட்டு ஊரெல்லாம் கள்ளனைத் தேடும். பஞ்சில்தான் கலப்படம் என்று அவர் முடிவு கட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மைதீன் கடையில் ராயகிரிக் குடும்பம் ஒன்று மகள் கல்யாணத்துக்கு மெத்தை பார்த்துக்கொண்டிருந்தது. சங்கரபாண்டியன் தலையணையைக் கடைப்பலகையில் ஓங்கிப் போட்டார்.

"இது இலவம்பஞ்சா வே? மில்லுல கூட்டி அள்ளுன கழிவு. இதுல படுத்து எம் பெண்டாட்டிக்குக் கை விளங்காமப் போச்சு."

மைதீன் எழுந்து நின்றார். "அண்ணாச்சி, உள்ள வாங்க, உக்காந்து பேசுவோம்."

"உள்ள எதுக்கு? எல்லாருக்கும் தெரியட்டும்."

"பஞ்சுல ஒரு பழுதும் கிடையாது. மதினி எப்படிப் படுக்காவன்னு நீங்க சொன்னியளே, அதுக்குத்தான் அளவு வச்சேன். அந்தச் சொல்லு சரியான்னு மட்டும் வீட்டுல ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

அந்தச் சொல் சங்கரபாண்டியனுக்குச் சுரீரென்றது. சுட்டதனாலேயே குரல் இன்னும் உயர்ந்தது. "எம் பெண்டாட்டி படுக்கிறத எனக்குச் சொல்லித் தாரீரோ?" என்று அவர் கத்தியபோது சாலையில் போனவர்கள்கூட நின்றார்கள். ராயகிரிக்காரர் மெல்லத் தம் மனைவியிடம், "வா, வேற எடத்துல பாப்போம்" என்றார். அவர்கள் படியிறங்குவதை மைதீன் பார்த்தார். தலையணையை எடுத்துத் தூசி தட்டி, சங்கரபாண்டியன் கையில் கொடுத்துவிட்டு, விரித்த மெத்தையைச் சுருட்டத் தொடங்கினார்.

அவர் வீடு திரும்பியபோது உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ஜெயசித்ரா தரையில் பாய் விரித்து உறங்கிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் சாய்ந்து, முழங்காலை மடக்கி, சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அவர் கையில் எடுத்துக்கொண்டு போன தலையணைக்குப் பதிலாகப் பழைய சேலை ஒன்றை மடித்து வைத்திருந்தாள். அதுவும் உயரம் போதாமல், வலக்கையைத் தலைக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தாள். தலையின் பாரம் முழுவதும் அந்தக் கையின்மேல். விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டு வெளுத்துக் கிடந்தன.

தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிலைப்படியிலேயே நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. அவள் புரள முயன்று, வலியில் முனகிக் கண் விழித்தாள்.

"என்னங்க, வந்து நேரமாச்சா?"

"நீ எப்பவும் இப்படித்தான் படுப்பியா?"

"எப்படி?"

"ஒருச்சாய்ச்சு. கையை அடியில குடுத்து."

"மக பிறந்ததில இருந்து. பிள்ள அந்தப் பக்கம் கிடப்பா. பொறவு அதே பழகிட்டு." அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்து மரத்த கையை உதறினாள். "எதுக்குக் கேக்கிய?"

சங்கரபாண்டியன் தரையில், பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். மைதீன் கேட்ட கேள்வியையும், தாம் சொன்ன விடையையும், அன்று காலை நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"தெரியலன்னு சொல்லிருக்கலாம்லா?" என்றாள் ஜெயசித்ரா.

"ரெண்டு பேரு நின்னுக்கிட்டு இருந்தாவ."

"அந்த ரெண்டு பேருக்குத் தெரியுமாக்கும், நான் எப்படிப் படுப்பேன்னு?"

அவள் சிரிக்க நினைத்திருக்க வேண்டும். ஆனால் முகம் கோணி, கண் நிறைந்தது. "எனக்குச் சேரலன்னு சொல்லத்தான் செஞ்சேன். நீங்க படுத்துப் பாத்து நல்லாருக்குன்னு முடிச்சிட்டிய. அதுக்கு மேல சொன்னா, மனசுதான் காரணம்ன்னிய. எனக்கே அப்படித்தானோன்னு தோணிட்டு. அந்தப் பிள்ள விழுந்த பொறவுதான், இது மனசு இல்லன்னு தெரிஞ்சது."

அவர் அவளுடைய வலக்கையை எடுத்துத் தம் கையில் வைத்துக்கொண்டார். பிடித்திருப்பது தெரிகிறதா என்று கேட்க நினைத்தார். விடைக்குப் பயந்து கேட்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் கடைக்குப் போனார்கள். சுலைமானும் பாலம்மாளும் இருந்தார்கள், சாலையும் நிறைந்திருந்தது. சங்கரபாண்டியன் படியேறாமல் கீழேயே நின்றார்.

"பாய், எனக்குத் தெரியாததைத் தெரியும்ன்னு சொன்னேன். அவ ஒருச்சாய்ச்சுத்தான் படுக்கா. உம்ம பஞ்சுல பழுது இல்ல. நேத்து நான் பேசுனது தப்பு" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

"விடுங்க அண்ணாச்சி" என்றார் மைதீன். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. "எங்கிட்டயும் இவங்ககிட்டயும் சொல்லிட்டிய. எந்திரிச்சுப் போனவங்க ராயகிரிக்காரங்க. அங்க நாலு பேருகிட்டச் சொல்லத்தானே செய்வாங்க. நான் போன் போட்டுச் சொன்னா, யாவாரத்துக்காகப் பேசுதான்னு நினைப்பாங்க."

ஹஸ்னா பானு திரையை விலக்கிப் பார்த்து, "வாங்க மதினி, நிக்காதிய" என்று ஜெயசித்ராவை உள்ளே அழைத்துப் போனாள். சற்று நேரத்தில் உள்ளிருந்து, "ஆறு விரக்கடை. எம்மாடி, இதுக்குப் போயித் தணிவா வச்சிருக்கீங்களே" என்ற குரல் வந்தது. மருத்துவர் கொடுத்த ஆறு வாரத்தில் மீதி இருந்தது பத்து நாள்தான். அதற்குள் அந்தக் கை மீளுமா என்பதை யாரும் அளந்து சொல்ல முடியாது.

"அவிய பேரு என்ன பாய்?"

"கோமதிசங்கர். ராயகிரியில பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பின்னால வீடு."

மனைவியைப் பானுவிடம் விட்டுவிட்டு, பழைய தலையணை இருந்த பையுடன் சங்கரபாண்டியன் சிவகிரிப் பேருந்தில் ஏறினார். அங்கிருந்து வேறு வண்டி பிடித்து ராயகிரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். கோமதிசங்கர் முற்றத்தில் மருந்து தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"மெத்தைக் கடையில கூப்பாடு போட்ட ஆளுல்லா நீரு?"

"ஆமா. நேத்து நான் சொன்னது பொய். அதச் சொல்லத்தான் வந்தேன்."

பேச்சுக் குரல் கேட்டு அவர் மனைவியும் மணப்பெண்ணும் வாசலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், மனைவி எப்படிப் படுப்பாள் என்று தமக்குத் தெரியாமல் போனதையும், அதை மறைக்கப் பொய் சொன்னதையும், அந்தப் பொய் வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்து பிறர்மேல் பழி போட்டதையும் சங்கரபாண்டியன் நின்றபடியே சொன்னார். மணப்பெண் தலை குனிந்துகொண்டாள்.

"இதுக்காகவா இந்த வெயில்ல வந்திய?" என்றாள் அவள் தாய்.

அவர் பையிலிருந்து அந்தத் தலையணையை எடுத்தார். ஓரத்துத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். உள்ளேயிருந்து பட்டுப்போல் மின்னிய பஞ்சை ஒரு கை அள்ளி, காற்று அடித்துப் போகாமல் பொத்திப் பிடித்து, அந்த அம்மாளின் கையில் வைத்தார்.

"நீங்களே பாருங்கம்மா" என்றார்.