எந்தக் கணக்கு?

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. தண்டையார்பேட்டையில் பேருந்துக்கு நின்றபோது காதில் விழுந்தது. ஒரு அம்மா பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: "எம் பொண்ணுக்கு கணக்கு குரூப்பு கேட்டேன், குட்த்துட்டாங்க." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள். மிச்சத்தை நான் இட்டுக்கட்டுகிறேன். அதில் நான் கெட்டிக்காரன்.

2

தொடக்கம்: காசிமேட்டில் கடல் சிவந்து

(அடித்துவிட்டேன். வடசென்னைக் கதை என்றால் கடலைச் சிவக்கவைத்தே தீருவேன் என்று யார் வேண்டிக்கொண்டது?)

இன்னொன்று: பட்டம்மாளுக்கு வியாசர்பாடியில் வீடு, தண்டையார்பேட்டையில் ஒரு குடோனில் சாக்குத் தைக்கிற வேலை. மகள் மகிழினி பத்தாவதில் கணக்கில் நூறு. ராயபுரத்தில் பள்ளிக்கூடம். போகிற வழியில் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்துப் பார்த்து, அதுமாதிரி ஒன்றை வரைந்து கட்டுகிற இன்ஜினியர் ஆவது என்று முடிவு செய்தவள்.

இது தேறும். இதிலேயே போகலாம்.

3

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. மேசைக்குப் பின்னால் ரெஜினா டீச்சர். மகிழினிக்குக் காய்ச்சல், அம்மா மட்டும் வந்திருக்கிறாள். (காய்ச்சல் என் ஏற்பாடு. அவள் வந்திருந்தால் கதையே இல்லை.)

"எம் பொண்ணுக்கு கணக்கு குரூப்பு குட்த்துருங்க டீச்சர்."

"நல்ல முடிவும்மா. சீக்கிரமா ஒரு வேலைக்குப் போயிடலாம்." மதிப்பெண்ணைக்கூடப் பார்க்காமல் ரெஜினா எழுதிக்கொண்டாள்.

அடுத்தவர் தேவப்பிரியம், மளிகை மொத்த வியாபாரி. மகள் ஜெனிக்காக வந்திருக்கிறார்.

"பிள்ளைக்குக் கணக்கு குரூப் போட்டுருங்க டீச்சர்."

"எந்தக் கணக்கு அண்ணாச்சி? மேத்ஸா, அக்கவுண்ட்ஸா?"

அவ்வளவுதான் சம்பவம். அவரிடம் கேட்டாள். பட்டம்மாளிடம் கேட்கத் தோன்றவில்லை.

(அடிக்குறிப்பாகப் போட்டால் யாரும் படிப்பதில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் கணிதமும் கணக்குதான், கடைக்கணக்கும் கணக்குதான். பாடப்புத்தகத்தில்தான் ஒன்று கணிதம், மற்றது கணக்குப்பதிவியல்.)

ரெஜினாவைக் கொடுமைக்காரி ஆக்கப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் தாங்கவில்லை. இல்லாத வீட்டுப் பிள்ளை சீக்கிரம் சம்பாதிக்கட்டும் என்று மனசார நினைக்கிறவள் அவள். அந்த நல்ல மனசை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

4

முதல் நாள் கரும்பலகையில் 'பற்று', 'வரவு' என்று எழுதினார்கள். கணக்கு எப்போது வரும் என்று மகிழினி சாயங்காலம்வரை காத்திருந்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

"நான் கணக்குன்னுதானடி கேட்டேன்?"

"இது வேற கணக்கும்மா. இத்த படிச்சா இன்ஜினியர் ஆவ முடியாது."

"கணக்குல இன்னாடி வேற கணக்கு கீது?"

5

முடிவு அ: ரெஜினா கண்கலங்கி மாற்றித் தருகிறாள். (இடைவேளைக்குப் பிறகு பாட்டு.)

முடிவு ஆ: மகிழினி ஆடிட்டராகிச் சொந்த வீடு வாங்குகிறாள். ஒரு குறையும் இல்லை, அவள் அதைக் கேட்கவில்லை என்பதைத் தவிர.

முடிவு இ: காலப்போக்கில் கிரேன்களை மறந்த மகிழினி

இந்த வாக்கியத்தை முடிக்க அவள் விடவில்லை. அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபாஷ்.

6

இருவரும் மேசை முன்னால் நிற்கிறார்கள். கணிதப் பிரிவில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. அதற்கு இன்னும் இரண்டு பேர் வெளியே காத்திருக்கிறார்கள். ரெஜினாவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். கொடுப்பதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. பேருந்து நிறுத்தத்தில் அந்த அம்மா "கணக்கு குரூப்பு" என்றாளே, அப்போது உங்கள் காதில் விழுந்தது எந்தக் கணக்கு?