பின் சக்கரம்

பழைய இரும்புக் கடைக்காரன் ஆம்னி வேனின் பம்பரில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான். கலைமதி புருஷனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள். போஸ்ட்மார்ட்டம் முடிந்து கண்ணாயிரத்தை வீட்டில் கிடத்தி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் வண்டிக்கு விலை பேசிவிட்டார்கள், மகராசன்கள்!

"யாரக் கேட்டு சங்கிலி போடுற?"

"நான்தாம்மா வரச் சொன்னேன்," என்றார் கண்ணாயிரத்தின் அண்ணன் அர்ச்சுனன். "காவு வாங்குன வண்டி. பொணம் எடுக்கறதுக்குள்ள வாசல விட்டுப் போயிடணும்."

"பின் சக்கரம் இல்ல மாமா. இழுத்தா பிரேக் டிரம்மு ஒடஞ்சிடும்."

"ஒடஞ்சா இன்னா? இரும்புக் கடைக்குத்தான போவுது?"

பந்தலில் ஒருவன், "மெக்கானிக்குக்குக் காசு குடுக்க மனசு வரல, உசுரக் குடுத்துட்டான்," என்றான். காலையிலிருந்து இதே பேச்சு. அப்படிப் பேசியவர்களில் பாதிப் பேர் தங்கள் பைக்கைக் கண்ணாயிரத்திடம் ஓசியில் சரிபண்ணிக்கொண்டவர்கள்தான்.

பத்து வருஷமாக அதே தெரு ராசம்மாளும் இன்னும் ஆறு பெண்களும் விடிவதற்கு முன் அந்த வண்டியில்தான் உப்பளத்துக்குப் போனார்கள். அவர்கள் கொடுப்பதில் பெட்ரோல் போக மிஞ்சுவது வீட்டுக்கு. மெக்கானிக்கைத் தேடிப் போனால் அதுவும் மிஞ்சாது. அதனால் கண்ணாயிரமே வண்டிக்கு அடியில் படுப்பான், கலைமதி ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள்.

உப்புக் காற்று அங்கே எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. போன மாசம் வண்டிக்கு அடியில், ஜாக்கி வைக்கிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தியபோது உள்ளே இறங்கிவிட்டது. வெல்டிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணாயிரம் பட்டிப் பசையை வைத்து ஓட்டையை அடைத்தான். மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தது கலைமதி. நேற்று பிரேக் ஷூ மாற்றும்போது பட்டி வைத்தது எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. கண்ணாயிரம் ஷூவை மாட்டி, டிரம்மையும் மூடி, ஹேண்ட் பிரேக் கேபிளை இழுத்துக் கட்ட வண்டிக்கு அடியில் போனான். ஜாக்கி பட்டியைப் பொத்துக்கொண்டு ஏறியது. வண்டி அவன் மார்பில் இறங்கியது. ஆட்கள் ஓடி வந்து தூக்கிக் கட்டையில் நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"எந்த மடையனாவது துருப்புடிச்ச எடத்துல ஜாக்கி வெப்பானா?" என்றார் அர்ச்சுனன்.

அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் நெஞ்சுக்குள் கிடந்து எரிந்தது வெளியே வந்துவிட்டது.

"துரு தெரியாம பெயிண்ட் அடிச்சது நானு! திட்டறதுன்னா என்னத் திட்டுங்க. அவர ஒரு வார்த்த சொல்லாதீங்க. வண்டியத் தொடாதீங்க."

கடைக்காரன் தானாகவே சங்கிலியைக் கழற்றினான்.

கலைமதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியில், கெட்டி இரும்பில் வைத்து ஏற்றினாள். கையை உள்ளே விட்டு, கண்ணாயிரம் கட்டாமல் விட்ட கேபிளை இழுத்துக் கட்டினாள்.

"பொணத்த வீட்ல வெச்சிக்கினு இன்னா வேல இது? ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். அவரு பாதியில உட்ட வேலைய நீங்க முடிப்பீங்களா மாமா?"

ராசம்மாள் வந்து சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தாள். கலைமதி நான்கு நட்டையும் எதிரெதிராக முறுக்கினாள். பிறகு ஜாக்கியையும் கட்டையையும் எடுத்துவிட்டு, ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். காய்ந்த உப்புப் பாத்தியில் அவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் உள்ளே படுத்திருந்தான். இரண்டாவது தடவை என்ஜின் பிடித்தது. தெருக்கோடி வரை போய், பிரேக்கை மிதித்தாள்.

வண்டி ஒரு பக்கமாக இழுக்காமல், கத்தாமல், அப்படியே நின்றது. சுத்தமான வேலை. அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

திரும்பி வந்தபோது அர்ச்சுனன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இனிமே இத யாரும்மா ஓட்டுறது?"

"நான் ஓட்டுவேன்."

"பொம்பள ஓட்டற வண்டியில, அதுவும் இந்த வண்டியில, எவ ஏறுவா?"

"நான் ஏறுவேன்," என்றாள் ராசம்மாள். "காரியம் முடிஞ்ச மறுநாளே ஏறுவேன். நீ இன்னா பண்ணுவ?"

வாய்க்கரிசி போட நேரமாகிவிட்டது என்று உள்ளே கூப்பிட்டார்கள். முறத்தை நீட்டிய பெண் கலைமதியின் கையைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"கையக் கழுவிக்கினு வா கலை. ஒரே கிரீஸா இருக்குது."

"இருக்கட்டும்."

அந்தக் கையாலேயே அரிசியை அள்ளினாள். விரலில் ஒட்டிய அரிசியெல்லாம் கறுத்தது. குனிந்து, அதைக் கண்ணாயிரத்தின் வாயில் போட்டாள்.