பட்டியலில் ஏழாவது இடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு சாப்பாட்டுப் பட்டியலிலிருந்து வந்தது. போன வருஷம் ஓர் இணையதளத்துக்காக, ‘கோட்டக்குப்பம் கடலோரம்: எங்கே சாப்பிடலாம்?’ என்று எழுதித் தர ஒப்புக்கொண்டேன். ஏழு இடம் வேண்டும் என்றார்கள். திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் மூன்று நாள் அலைந்ததில் ஆறு கிடைத்தது. ஏழாவதாக நான் எழுதிய எட்டு வரியால் ஓர் அம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் கதையாக எழுதுகிறேன்.

2

‘கடலைப் பார்த்து இறங்கும் அந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் பெரியவை, ஆட்கள்தான்’

(நிறுத்திவிட்டேன். அழகாக வந்துகொண்டிருந்தது. அழகாக எழுதப்போய்த்தான் இவ்வளவும்.)

‘சிக்கந்தர் பாட்சாவின் தால்ச்சாவைச் சாப்பிட்டவர்கள்’

(இது பட்டியலில் போட்ட வரி. வேண்டாம்.)

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

சிக்கந்தர் பாட்சா இருபத்தேழு வருஷம் சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமையல் செய்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. அந்த இரண்டு மாதமும் மனைவி நஃபீசா பீவியை அடுப்படிப் பக்கம் வரவிடமாட்டார். மகள் பெனாசிரை வளர்த்துக் கட்டிக்கொடுத்து மலேசியாவுக்கு அனுப்பியது, வீட்டைக் கட்டி முடித்தது எல்லாம் நஃபீசா. சிக்கந்தர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபிறகு நாலு வருஷம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்தது. ஐந்தாம் வருஷம் நஃபீசாவுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு தெருவின் பெயர். ஒருநாள் காலை, டீயோடு போய் நின்ற புருஷனை.

“யாரு நீங்க? ஆம்பளை இல்லாத வூட்ல எதுக்கு வந்து நின்னுக்கினு இருக்கீங்க?”

“நான்தாண்டி, நஃபீசா.”

“பெனாசிரு அத்தா சவூதில இருக்காரு. ஜல்தி வெளிய போங்க. இல்லாங்காட்டி கத்துவேன்.”

சிக்கந்தர் டீயைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் தெருவில் மீன் விற்கும் தனம் வந்து பார்த்து, கூடையை இறக்கிவிட்டு உள்ளே போனார். நஃபீசாவுக்குத் தனத்தை நினைவிருந்தது. புருஷனைத்தான் நினைவில்லை.

அன்றிலிருந்து சிக்கந்தரின் படுக்கை மாடி அறைக்குப் போனது. வெளிப்படிக்கட்டு வழியாகவே ஏறி இறங்கினார். அவர் சமைத்ததை நஃபீசா தொடவில்லை. அந்நிய ஆம்பளை வீட்டுக்குள் ஆக்கிய சோற்றை எப்படித் தின்பது? பதினோரு நாள் பிஸ்கட்டும் டீயும்தான்.

பன்னிரண்டாம் நாள் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். காரில் பின்னால் நஃபீசாவும் தனமும், முன்னால் டிரைவர் பக்கத்தில் சிக்கந்தர். திரும்பும் வழியில் ஓர் ஓட்டலில் நிறுத்தினார்கள். நஃபீசா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டார். பரிமாறியவரிடம் “நல்லா இருந்திச்சுப்பா” என்றார். அடுத்த மேசையில் சிக்கந்தர் பிசைந்த சோற்றில் கை வைத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்தில் அவர் வீட்டுப் போர்ட்டிகோவில் நாலு மேசைகள் வந்தன. வெளியே பலகை: ‘பாய் மெஸ். மதியச் சாப்பாடு.’ தனம் நஃபீசாவைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு பக்கத்துச் சந்தில் புகுந்து, தெருவில் நடந்து, முன்கேட்டு வழியாக உள்ளே வந்தார்.

“சாப்பாடு இருக்கா பாய்?”

நாற்பத்தோரு வருஷமாக மனைவியை ‘வாடி, போடி’ என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷன் அவர். “வாங்கம்மா,” என்றார். “உக்காருங்க. இருக்கு.”

3

(சிக்கந்தரை ரொம்ப நல்லவராக எழுதுகிறேனோ என்று சந்தேகம் வருகிறது. இளவயதில் கோபக்காரராம். ஒரு லீவில் குழம்பில் புளி அதிகம் என்று சட்டியோடு வாசலில் கொட்டினாராம். அவரே சொன்னார். “அதையும் எழுதுங்க” என்றார். எழுதிவிட்டேன்.)

தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டிலிருக்க, பெரிய வீடுகளில் தனியாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக மதியம் வந்து உட்கார்ந்தார்கள். கடை கடையாகத் தெரிய வேண்டுமே. குப்பத்து மீனவர் அரசப்பன் வலையை உதறிப் போட்டுவிட்டு வந்து சாப்பிடுவார். யாரும் நஃபீசாவிடம் எதுவும் சொன்னதில்லை. மூலையில் சுவரைப் பார்த்த மேசை அவருக்கு. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சாப்பிடுவார். ஒன்றரை வருஷம் இப்படியே போனது.

அப்போதுதான் நான் போனேன். எனக்கு எதுவும் தெரியாது. பருப்பும் கறியும் சேர்த்த தால்ச்சாவும் சங்கரா மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, மூலை மேசையிலிருந்த அம்மாளிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டேன்.

“எங்க வூட்டுக்காரரு லீவுல வந்தா இப்பிடித்தான் ஆக்குவாரு,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இதவிட இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கும். பாய்கிட்ட சொல்லிடாதம்மா.”

பாய் பின்னால்தான் நின்றிருந்தார். அம்மாளின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

புறப்படும்போது பாயிடம், பட்டியலில் போடப்போகிறேன் என்றேன்.

“எழுதாதீங்கம்மா. இங்க யாரும் வர்றதில்ல. அதுதான் எங்களுக்கு நல்லது.”

அடக்கத்துக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தையும், அம்மாள் சொன்னதையும் அப்படியே மேற்கோளாகப் போட்டேன். அவைதான் எல்லாருக்கும் பிடித்திருந்தன.

4

இந்தப் பகுதியை நாலு தடவை எழுதி அடித்தேன். சுருக்கமாகவே இருக்கட்டும்.

பட்டியல் வெளிவந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் பதினேழு கார்கள் வந்தன. தெருவாசிகள் இடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நஃபீசா வந்தபோது அவருடைய மேசையில் வேறு யாரோ. சிக்கந்தர் கெஞ்சி எழுப்பி அவரை உட்காரவைத்தார். கூட்டத்தில் ஒரு பெண் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ, போனை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போனாள். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. அவள் கண் கலங்கித்தான் இருந்ததாம்.

“ஆண்ட்டி, உங்களுக்குத் தெரியலையா? இவருதான் உங்க ஹஸ்பெண்டு!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிக்கந்தர் கையில் சோற்றுத் தட்டு. நஃபீசா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்று தனம் சொல்கிறார். அந்த நேரத்தில் சிக்கந்தருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு, “நஃபீசா,” என்றார்.

நஃபீசா எழுந்து முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டார். “அல்லாவே,” என்றார். “இவ்ளோ பேரு முன்னால என்னமா பொய் சொல்றாங்க. அவருக்கு ஒரு முடிகூட நரைக்கலியே.”

தட்டில் சோறு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கேட்டைத் தாண்டி வரவில்லை. மறுநாள் சிக்கந்தர் பலகையைக் கழற்றினார். பட்டியலை எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள். அதற்குள் வேறு பத்துத் தளங்களில் அதை எடுத்து ஒட்டிவிட்டிருந்தார்கள். பூட்டிய கேட்டுக்கு முன்னால் இன்னமும் கார்கள் வந்து நிற்கின்றன.

எனக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னது தனம்தான்.

“படிச்சவங்கதானே நீங்க? அந்த மனுசன் வேணாம்னாரு இல்ல? வேணாம்னா வேணாம்னு அர்த்தம், அது புரியாதா?”

5

முடிவுகள்.

ஒன்று: ஒரு மதியம் நஃபீசா குழம்பை வாயில் வைக்கிறார், கண் நிமிர்கிறது, “மச்சான்” என்று (இதை எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. கிழித்துவிட்டேன். நடக்காததை எழுதி சிக்கந்தரிடம் எந்த முகத்தோடு காட்டுவது?)

இரண்டு: மௌத், சாவு. (எழுதமாட்டேன்.)

மூன்றாவது, போன வாரம் நான் பார்த்தது. மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். சிக்கந்தர் மாடி அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார். திட்டவில்லை. நஃபீசா மறுபடி பிஸ்கட்டில் வந்து நிற்கிறார் என்றார். ‘அவரு வந்துடட்டும், சேர்ந்து சாப்பிடறேன்’ என்பதே தனத்துக்குச் சொல்லும் பதில். அதனால் சிக்கந்தர் ஒரு வழி செய்திருக்கிறார். கடிதம். அந்தக் காலத்தில் எழுதியது போலவே, கோடு போட்ட தாளில்.

‘அன்புள்ள நஃபீசாவுக்கு, சலாம். இங்கு நலம். வேலை முடியவில்லை. எனக்காகக் காத்திருக்காமல் தனம் கொடுப்பதைச் சாப்பிடு. சாப்பிட்டாய் என்று தெரிந்தால்தான் எனக்கு இங்கே சோறு இறங்கும்.’

தபாலில் வந்ததென்று தனம் கொண்டுபோய்க் கொடுத்தாராம். கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அன்று நஃபீசா இரண்டு தட்டு சாப்பிட்டிருக்கிறார். மாடியில் ஆக்கியதை, தனம் தன் வீட்டில் ஆக்கியதாகச் சொல்லிக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் நஃபீசா கேட்ட ஒரே கேள்வி: “எப்ப வர்றாருன்னு எழுதலியே?”

சிக்கந்தர் அடுத்த கடிதத்தை என் முன்னால் வைத்தார். நாலு வரி முடிந்து ஐந்தாவது பாதியில் நின்றிருந்தது.

“ஒரு தேதி போட்டா, அந்தத் தேதிக்கு வாசல்லயே உக்காந்துக்கினு இருப்பா. வரலன்னு எழுதினா சாப்பிட மாட்டா. நான் இங்கதான்மா இருக்கேன், எங்கேருந்துன்னு வர்றது? நீங்க எழுதறவங்க. சொல்லுங்க.”

பேனாவை வாங்கித் தாளில் வைத்தேன். கீழே நஃபீசா யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இங்கே எழுதிவைக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா பாருங்கள்.

‘நஃபீசா, நான் வருவது