ஒற்றைக் கிளிக்

பக்கவாதம் வந்ததிலிருந்து ஃபெலிக்ஸுக்கு வலக்கையைத் தூக்க வராது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ‘நக்கோ’ என்ற ஒரு சொல்தான். சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர், வேண்டாம் என்பதை அப்படித்தான் சொல்லிப் பழக்கம். மாத்திரைக்கும் நக்கோ, இட்லிக்கும் நக்கோ, சர்ச்சிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கும் நக்கோ.

எழுந்ததும் அவர் போய் உட்காருவது மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் முன்னால். இருபது வருஷத்துப் பெட்டி. மழைக்காலத்தில் அதன் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு இடக்கையால் மேசையைத் தட்டுவார். அவர் மனைவி ஆனி அடுப்படியிலிருந்து ஓடி வருவாள். புது லேப்டாப் ஒன்று வாங்கித் தந்தும் பார்த்தாள். அதன் வழவழப்பில் அவர் விரல் நிற்கவில்லை. தள்ளிவிட்டார்.

பகலில் வசந்தி என்ற பெண் வந்து பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் ஆனிதான். பேகம்பேட் ஆபீசில் கணக்கு எழுதிவிட்டு மெட்டுகுடா வீட்டுக்கு வந்து சேரும்போது அவளுக்குக் கால் ஓய்ந்துபோயிருக்கும்.

ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஷ்யாமிடம், அந்தப் பெட்டியை ஓட வைக்க வழி உண்டா என்று சாப்பாட்டு வேளையில் கேட்டாள். கோயம்புத்தூர்ப் பையன்.

“அதுல ராம் மெமரி எவ்ளோங்க்கா இருக்குது?”

“ஐநூத்திப் பன்னண்டு எம்பி.”

சிரிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். “விண்டோஸ் எதுவும் ஆகாதுங்க. லினக்ஸ்ல ரொம்ப லேசானது போடணும். இத்தனை பழைய மெஷினுக்கு இப்ப வர்றதே கொஞ்சந்தான். மூணு சிடி டிஸ்க் எழுதித் தர்றேன். டிஸ்க்கிலிருந்தே ஓடும், ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம். எது சரிப்படுதுன்னு பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முதல் டிஸ்க்கைப் போட்டாள். நீல மலைப் படத்தோடு அழகாகத்தான் வந்தது. ஆனால் மெனு திறப்பதற்குள் சோறு வெந்துவிட்டது. ஃபெலிக்ஸ் மேசையைத் தட்டினார்.

இரண்டாவது ஓடியது. ஷ்யாம் உசத்தியாகச் சொன்னது அதைத்தான். மவுஸை இடக்கைக்கு மாற்றி வைத்தாள். சீட்டாட்டப் படத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய் ஃபெலிக்ஸ் அழுத்தினார். திறக்கவில்லை. இரண்டு தடவை சேர்ந்தாற்போல் அழுத்த வேண்டும். அவர் விரல் ஒரு தடவை அழுத்தி, யோசித்து, அடுத்த தடவை அழுத்தியது. மறுபடி அழுத்தினார். படம் இடம் நகர்ந்ததே தவிரத் திறக்கவில்லை. மவுஸை விட்டுவிட்டு, “நக்கோ” என்றார்.

“சரிங்க. நக்கோதான்.” ஆனிக்கு அழுகை வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

மூன்றாவதன் பெயர் பப்பி. திரை நிறையப் பொடிப் படங்களோடு சட்டென்று வந்து நின்றது. ஃபெலிக்ஸ் ஒன்றை அழுத்தினார். ஒரே அழுத்தில் திறந்துகொண்டது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

ஆனி ஷ்யாமுக்கு போன் போட்டாள்.

“அய்யோ அக்கா, அது சும்மா அவசரத்துக்கு வச்சுக்கறதுங்க. இன்டர்நெட்டெல்லாம் சொகமில்ல. ரெண்டாவதையே போடுங்க, ஒத்தை கிளிக்குக்கு அதுலயும் செட்டிங் இருக்கும்.”

“அவருக்கு இன்டர்நெட் கைக்கு, எதுக்கு தம்பி? செட்டிங் தேடறதுக்கு எனக்கு ஜீவன் இல்ல. இது வந்ததும் திறக்குது. இதுவே இருக்கட்டும்.”

சீட்டாட்டத்தை மட்டும் வைத்துவிட்டு மற்ற படங்களையெல்லாம் எடுத்தாள். ஃபெலிக்ஸ் ஆடத் தொடங்கினார். தோற்றார், திரும்ப ஆடினார். மேசை தட்டும் சத்தம் கேட்கவில்லை. ஆனி பாயில் சும்மா சாய்ந்தாள். எப்போது தூங்கினாளோ.

மின்விசிறி நின்று வேர்த்தபோதுதான் விழித்தாள். கரண்ட் போயிருந்தது. ஃபெலிக்ஸ் கறுத்த திரையின் முன்னால் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கரண்ட் வந்து மறுபடி போட்டால், எடுத்த படங்கள் அத்தனையும் திரையில் வந்து நின்றன. அணைக்கும்போது சேமித்து வைக்கச் சொல்லி ஷ்யாம் ஒரு பென் டிரைவ் கொடுத்திருந்தான். கரண்ட் போனதில் அப்படிச் சேமிக்க வழியே இல்லாமல் போய்விட்டது.

“திருப்பி முதல்லேர்ந்தா?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். பாட்டு, படம், கால்குலேட்டர். பென்சில் படம் போட்ட எழுதும் பக்கத்துக்கு வந்தபோது ஃபெலிக்ஸின் இடக்கை அவள் கைமேல் வந்து அமர்ந்தது. அழுத்தவிடவில்லை.

“இது இருக்கட்டுமா?”

அவர் கையை எடுக்கவில்லை. என்ன எழுதப் போகிறார் என்று ஆனி கேட்கவில்லை. விட்டு வைத்தாள். மற்றதையெல்லாம் எடுத்து முடித்து, பென் டிரைவில் சேமித்து, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். இரண்டு படங்கள் மட்டும் நின்றன.

அன்று அவர் சீட்டுதான் ஆடினார். ஆனி எழுந்துபோய் ரசத்தைச் சூடு பண்ணினாள்.